அன்று வந்த சிவப்புப் பூ

எழுபதாம் வருடம், ஆடி மாதம். என் வீட்டுக்காரருடைய இடது காலில் ஆறிப்போயிருந்த காயம் மறுபடி வாயைத் திறந்தது. அறுபத்தைந்து யுத்தத்தில் குண்டுச் சிதறல் பட்ட கால் அது. பட்டாளத்திலிருந்து காயப் பென்ஷனோடு திரும்பி, எங்கள் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் மேஜையில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். முதலில் முழங்காலுக்குக் கீழே சிவந்தது. பிறகு சீழ் வந்தது. பிறகு காய்ச்சல்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"எலும்புக்குள்ள போயிருச்சும்மா. முழங்காலுக்கு மேல எடுத்தாத்தான் உயிர் தங்கும். இங்க இருக்கிற வசதிக்கு எனக்கு வேற வழி தெரியலை. நாள் கடத்தாதீங்க."

நான் பாலிடெக்னிக்கில் டிராப்ட்ஸ்மேன் படித்தவள். பின்னல் மிஷினுக்கு உதிரி பாகம் கடையும் பட்டறையில் படம் வரைவது என் வேலை. எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மூச்சு வரும். அன்றும் வரிசைப்படுத்தினேன். ஒன்று, காய்ச்சல் இறங்க வேண்டும். இரண்டு, சீழ் எங்கிருந்து வருகிறதென்று தெரிய வேண்டும். மூன்று, அத்தை சம்மதிக்க வேண்டும். மூன்றாவதில் அப்படியே நின்றுவிட்டேன்.

என் மாமியார் முருகனிடம் பூக் கேட்காமல் எதையும் செய்யமாட்டார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சுவாமி காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் வேண்டாம். அன்று சாயங்காலம் எங்கள் வீதிக் கோயிலில் சிவப்பு வந்தது.

"சாமி வேண்டாம்னு உத்தரவு குடுத்துப் போட்டாரு. இனி எம்பையனை ஆரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்படாது" என்று சொல்லி அத்தை அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே என் வீட்டுக்காரர் காய்ச்சல் வேகத்தில், யாரையோ தலையைக் குனியச் சொல்லி இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்.

நான் கோயிலுக்குப் போனேன். எனக்கு நம்பிக்கை இல்லாமலில்லை. கஷ்டமே அதுதான். முருகன் வேண்டாமென்றால் வேண்டாம்தான். ஆனால் அப்படியே இருந்தால் அவர் செத்துப்போவார். "உன் வார்த்தையை மீறவும் எனக்குத் தெம்பில்லை, அவரை விடவும் தெம்பில்லை. வழியை நீயே காட்டு" என்று மட்டும் சொன்னேன். அழவில்லை. அழுதால் நிறுத்த முடியாதென்று தெரியும்.

மறுநாள் காலையில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், சோல்ஜர் போர்டு ஆபீசுக்காக வீடுவீடாகப் போய் முன்னாள் பட்டாளத்துக்காரர்களை விசாரிப்பவர். ஏதோ கூட்டம் இருப்பதாகச் சொல்ல வந்தவர் காலைப் பார்த்ததும் கூட்டத்தை மறந்துவிட்டார்.

"ஏம்மா, எந்தக் காயத்துக்குப் பென்ஷன் வருதோ, அந்தக் காயத்துக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரியில காசில்லாம வைத்தியம் உண்டு. நீலகிரி மேல இருக்குது. குண்டடி பார்த்தே பழகின டாக்டருங்க. ஆரும் சொல்லலீங்களா?"

"இல்லீங்கண்ணா."

"இவனாச்சும் சொல்லியிருக்கோணும். டிஸ்சார்ஜ் அன்னிக்கே சொல்லித்தான் அனுப்புவாங்க. ஊருக்குப் போற சந்தோசத்துல பய காதுல வாங்கியிருக்க மாட்டான்."

அத்தை எழுந்திருக்கவில்லை. "அதெல்லாம் ஆகாதுங்க. சாமி உத்தரவு இல்லை."

பட்டறையில் நான் தினமும் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஓர் அளவை எழுதினால் எதிலிருந்து எதுவரை என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அளவு சரியாக இருந்தும் கடைசல்காரர் வேறு எதையாவது கடைந்து வைப்பார். அந்த நினைப்பு வந்ததும் அத்தையின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"அத்தைங்க, சாமிகிட்ட என்ன கேட்டீங்க? கேட்ட வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

"எம்பையன் காலை எடுக்கலாமான்னு கேட்டேன்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமான்னு கேட்டீங்களா?"

"அது கேக்கலை கண்ணு."

"அப்பக் காலை எடுக்க வேண்டாம்னுதானே சொல்லியிருக்காரு?"

அவர் எழுந்து வாசலை விட்டார். "நானும் வருவேன். காலை எடுக்கறேன்னு சொன்னா எம்பையனைத் தூக்கிட்டுத் திரும்பிருவேன்."

கம்பெனி வேனில் போனோம். மலையேறும்போது பனிமூட்டத்தில் ரோடே தெரியவில்லை. என் வீட்டுக்காரருடைய பல் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது. ஒரு வளைவில் அந்தச் சத்தமும் நின்றுபோனது. நான் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அத்தையின் முந்தானை முடிச்சில் அந்தச் சிவப்புப் பூ இருந்தது.

சர்ஜன் வடக்கத்திக்காரர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார். நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"என்னங்கறாரு?" என்றார் அத்தை.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உள்ளே இரும்புத் துணுக்கு இருக்குதுங்களாம். திறந்து எடுத்துச் சுத்தம் பண்ணுவாராம். எலும்பு பூராவும் கெட்டிருந்தாக் காலை எடுத்தாகோணுமாம்."

தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தேன். அத்தை முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"எடுக்க மாட்டாரு. நீ கையெழுத்தைப் போடு."

போட்டேன்.

எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று தெரியவில்லை. சர்ஜன் வெளியே வந்து பஞ்சில் ஒரு துண்டைக் காட்டினார். புளியங்கொட்டை அளவு இரும்பு. கால் இருக்கும் என்றார். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. சர்ஜன் முகத்தைப் பார்த்தே கும்பிட்டுவிட்டார்.

காய்ச்சல் விட்டதும் என் வீட்டுக்காரர் பேசிய முதல் பேச்சு: "இனி ஒத்தைச் செருப்பு வாங்கினாப் போதும்னு இருந்தேன். கெடுத்துப் போட்டீங்க."

இப்போது குதிகால் உயர்த்திய பூட்ஸ் போட்டு, கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். அதே மேஜையில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த ஹவில்தார் அண்ணனோடு பட்டாளத்துக்காரர் வீடுகளுக்குப் போகிறேன். வைத்தியம், விதவைப் பென்ஷன், பிள்ளைகள் படிப்பு, தொழில் பயிற்சி என்று சோல்ஜர் போர்டு ஆபீசில் கிடைப்பதையெல்லாம் பெண்களிடம் வரிசையாகச் சொல்கிறேன். பாதிப் பேருக்கு அந்த ஆபீஸ் இருப்பதே தெரியவில்லை.

கிருத்திகைதோறும் கூடிப் பாடுகிற உங்களுக்கு இதை எழுதக் காரணம் உண்டு. உங்கள் வீட்டிலும் இப்படியொரு வாசலை யாராவது மறித்து உட்கார்ந்திருக்கலாம். முருகனிடம் கேளுங்கள். பதில் வந்ததும் பயந்துவிடாமல், எதைக் கேட்டோம் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் கதவைத் திறங்கள். மயிலில் வருவான் என்றுதான் நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு அவன் சைக்கிளில் வந்தான்.