குழியில் கொட்டிய பேரீச்சை

ரம்ஜான் நோன்பு தொடங்கிய முதல் வாரத்தில், தொண்டியில் அப்பாவும் மகனுமாக நாங்கள் நடத்திய மளிகைக் கடைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றைத் திறக்கச் சொன்னார். மேலே இருந்த பழங்கள் பளபளவென்றுதான் இருந்தன. ஒன்றை எடுத்துப் பிட்டார். கொட்டையைச் சுற்றிக் கறுப்புத் தூள். நடுவில் வெள்ளைப் புழு நெளிந்தது.

"அடுத்த பெட்டியப் பாருங்க சார், அது நல்லாருக்கும்" என்றார் அத்தா. அதிலும் புழு. பிறகு அத்தாவே ஒவ்வொரு பெட்டியாக உடைத்து, பழங்களைப் பிட்டுப் பிட்டுப் போட்டார். "போதும் பாய், விடுங்க" என்று அதிகாரியே சொல்ல வேண்டியதாயிற்று. மதுரை மொத்த வியாபாரிக்கு நான் போன் போட்டேன். "எங்ககிட்ட இருந்து வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்று வைத்துவிட்டார்.

மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்து முத்திரை வைத்தார்கள். மற்றதை ஊருக்கு வெளியே குழியில் கொட்டி, பினாயில் ஊற்றி மூடினார்கள். அத்தா குழியோரம் நின்றதை யாரோ வீடியோ எடுத்தார்கள்.

அவரை உலுக்கியது அது இல்லை. பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருஷா வருஷம் எங்கள் கடைப் பழம்தான் போகும். காசு வாங்க மாட்டார். "நேத்து வரைக்கும் எல்லாரும் அதத்தானடா தின்னுருக்காக" என்றார். நேராகப் பள்ளிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

கஞ்சிக் கிண்ணங்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தா நின்றபடியே சொன்னார்: "நான் குடுத்த பழத்த யாரும் வாயில வைக்காதீங்க. புழு இருக்கு. தெரியாமத்தான் குடுத்தேன்."

"நீங்க உக்காருங்க" என்றார் ஒருவர் மெதுவாக. அத்தா உட்காரவில்லை. திரும்பி வரும் வழியில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தெருக்குழாய்த் தண்ணீரில் நோன்பு திறந்தோம்.

ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். கடைக்கு வந்தவர்கள் அரிசியைக் கையில் அள்ளி மோந்து பார்த்தார்கள். பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். பெருநாளுக்கு முன்பே கடையை மூடிவிட்டோம்.

பழம் உண்ணத் தகுதியற்றது என்று ஆய்வக அறிக்கை வந்தது. எங்கள் மேல் போட்ட வழக்குக்காக ராமநாதபுரம் போனபோது அத்தா வக்கீலிடம் கேட்டார்: "தப்புன்னு எழுதட்டும், ஒத்துக்கிறேன். தெரிஞ்சு குடுத்தேன்னு மட்டும் எழுதாமப் பாத்துக்கிறீங்களா?"

"தெரிஞ்சதா தெரியாததான்னு இதுல கேக்கவே மாட்டாங்க பாய்."

திரும்பும்போது பஸ் உப்பூரைத் தாண்டியதும் அத்தா, "ஊருக்குள்ள போகவே மனசு வரலடா" என்றார்.