கருநாய்ப் பாட்டு

எங்கள் ராக் இசைக்குழுவில் மொத்தமே இரண்டு பேர்தான். கிட்டார் நான், சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், அப்பா அங்கே பெர்மனென்ட். டிரம்ஸ் என் நண்பன். சுரங்கத்துக்கு நிலம் போன கிராமத்துக்காரன். அவன் அப்பாவுக்கு அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை.

கருநாய் கதையைச் சொன்னது அவர்தான். ஊரைக் காலிசெய்தபோது எல்லைச்சாமியைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். சாமியின் நாயைக் கூப்பிட மறந்துவிட்டார்களாம். அது இன்னும் சுரங்கத்து மண்மேட்டில் அலைகிறதாம்.

"அதுக்கு நெழலு இருக்காது தம்பி. ஷிப்டுக்குப் போவ சொல்ல குறுக்க வந்தா வூட்டுக்குத் திரும்பிடணும். ஏன் திரும்புனன்னு யாரும் கேக்கக் கூடாது. அதான் முறை."

வேலைக்கு மட்டம் போட இப்படியும் ஒரு சாக்கா என்று எனக்குச் சிரிப்பு. அன்றே பாட்டு எழுதிவிட்டேன். 'கருநாய் வந்தா லீவா? நரி வந்தா போனஸா?' என்பது பல்லவி. அவர் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா அத்த பாட்டுல இழுக்க வேணாம் தம்பி" என்றார். எனக்கு அப்போது யார் சொன்னாலும் காதில் ஏறாது. ஃபோனில் பதிந்து அனுப்பினோம். ஒரே வாரத்தில் குவார்ட்டர்ஸ் முழுக்க பிளாக் பிளாக்காகப் பரவியது.

ஒருநாள் விடிந்தும் விடியாமலும் டீக்கடையில் இருந்தேன். நண்பனின் அப்பா சுரங்கப் பக்கமிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஷிஃப்டு தொடங்கும் நேரத்தில் வீட்டை நோக்கி வருகிறார், முகம் வெளுத்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் பல்லவியை எடுத்தார். மற்றவர்கள் பெஞ்சைத் தட்டிச் சேர்ந்து பாடினார்கள்.

அவர் நின்று என்னைப் பார்த்தார். "நீங்க வீட்டுக்குப் போங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பாட்டை ஊரே பாடுகிற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி டம்ளரில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் அசடு வழியச் சிரித்தார். சைக்கிளை மறுபடி சுரங்கப் பக்கம் திருப்பி ஏறி மிதித்தார். அடுத்த வளைவில் லாரி. பிரேக் போட்ட சத்தம் டீக்கடை வரை கேட்டது. பாட்டு அப்போதுதான் நின்றது.

ஃபோனிலிருந்து பாட்டை அழித்துவிட்டோம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இன்னும் பாடுகிறார்கள். இப்போதெல்லாம் யாரும் பாதி வழியில் திரும்பி வருவதில்லை.

நான் அன்று அங்கே இருந்தது நண்பனுக்குத் தெரியாது.

"அந்த நாய்தாண்டா அப்பாவ இட்டுகினு போயிடுச்சி" என்கிறான்.

ஆமாம் என்கிறேன்.