லூர்து டீச்சருக்கு ஒரு பாலிசி

நன்றாக இருக்கும் மனிதரிடம் போய் அவருடைய சாவைப் பற்றிப் பேசி, அதற்கு அவரையே பணம் கட்டவும் வைப்பதுதான் இன்ஷூரன்ஸ் ஏஜென்டின் தொழில். கைப்பையும் குடையுமாக ஊர் ஊராக அலைந்து, கிடைத்த இடத்தில் கிடைத்ததைத் தின்று சம்பாதிக்கும் சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும். அதிலும் பி.ஏ. பொருளாதாரம் படித்த ஒரு பெண், யுத்த காலத்தில், தருமபுரிப் பக்கம் இந்த வேலைக்கு வந்தால் என்னவாகும் என்று கேளுங்கள்.

கரி வண்டி

பெட்ரோல் பஞ்சத்தால் பஸ்களெல்லாம் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடிய காலம். பாப்பிரெட்டிப்பட்டி போகும் வழியில் ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. ஆண்கள் மட்டும் இறங்கித் தள்ள வேண்டுமாம். ஒரே கட்டணம் கொடுத்தவர்களுக்குள் இதென்ன பாகுபாடு என்று சண்டை போட்டுவிட்டு நானும் இறங்கினேன். என்னோடு இறங்கிய ஒரே பெண் லூர்து டீச்சர். பாப்பிரெட்டிப்பட்டியில் பள்ளிக்கூட வேலை. நாற்பது வயதிருக்கும், ஒற்றைநாடி உடம்பு.

தள்ளிக்கொண்டே நான் என் தொழிலைச் சொன்னேன். தள்ளிக்கொண்டே அவர் தம் கவலையைச் சொன்னார். கல்யாணம் ஆகவில்லை. வாதத்தில் கால் விளங்காமல் போன தங்கை பிலோமி இவரை நம்பித்தான் இருக்கிறாள். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ யார் வாசல்லயும் போய் நிக்கக் கூடாதும்மா. அவளால நிக்கவும் முடியாது" என்றார். இவருக்கு ஒரு பாலிசி வாங்கிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அந்த மேட்டிலேயே தீர்மானித்தேன்.

வண்டி ஏறிவிட்டது. பெருமையோடு கண்டக்டரைப் பார்த்தேன். அவர் சொன்னார்: "நீங்க தள்ளுனதுல வண்டி ஏறலீங்கம்மா. நீங்க தள்றீங்களேங்கற வெக்கத்துல ஏறுச்சு."

வெள்ளிக்கிழமை

அன்றே டீச்சர் வீட்டுத் தெருவில் ஒரு நிலக்கடலை வியாபாரியைப் பிடித்தேன். கல்லூரி மேடையில் பேசிப் பழகிய வாய். "நாளைக்கே நீங்கள் இறந்துபோனால் உங்கள் மனைவி என்ன செய்வார்?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். வியாபாரி வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். அந்த மனைவி அப்போதுதான் சாமி விளக்கேற்றிவிட்டு, எனக்கு மோர் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் இதற்கென்ன இப்படி விழிப்பது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே ஆத்திரம். ஆனால் அந்த அம்மாள் மோரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "குடிச்சிட்டுப் போம்மா, வெயில்ல வந்திருக்கறே. ஆனா வெள்ளிக்கெழமையும் அதுவுமா எம்புருசனைச் சாவடிக்காதே."

சேலத்து மேனேஜர்

கம்பெனியின் கிளை ஆபீஸ் சேலத்தில் இருந்தது. பொம்மிடியில் ரயிலேறிப் போய், டீச்சரின் விண்ணப்பத்தை மேனேஜர் முன்னால் வைத்தேன். பெண்கள் பேருக்குப் பாலிசி என்றாலே அவருக்கு ஆகாது. பெண் என்றால் இரண்டாயிரத்துக்குக் குறைந்து எழுத மாட்டார்களாம், டாக்டரின் சர்டிபிகேட்டும் வேண்டுமாம். ஆணுக்கு ஐந்நூறு ரூபாய்க்குக்கூட எழுதுகிறீர்களே, எங்கள் உயிர் மட்டும் மொத்த வியாபாரமா என்று கேட்டேன். மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு நிஜமாகவே விளங்காதவராகக் கேட்டார்: "கட்டினவனும் இல்லை, பெத்த பிள்ளையும் இல்லை. இந்தம்மா போயிட்டா யாருக்கும்மா நஷ்டம்?"

ஒருசந்தி

கம்பெனி டாக்டர் தருமபுரியில். வேறு வழியில்லாமல் இரண்டாயிரத்துக்கே எழுதுவதென்று முடிவாகி, உடம்புப் பரீட்சைக்கு டீச்சரை அழைத்துப் போனேன். நாடியைப் பிடித்த டாக்டர் முகம் சுளித்தார். எடை மேடையிலிருந்து இறங்கிய டீச்சர் அப்படியே சரிந்து என் தோளில் விழுந்தார். சர்டிபிகேட்டில் டாக்டர் ஒரு வரி எதிராக எழுதினால் பிலோமியின் கதி என்ன? தண்ணீர் தெளித்ததும் கண் விழித்த டீச்சர், "ஒண்ணுமில்லீங்க. ஒருசந்தி" என்றார். அவர்கள் கிறிஸ்தவ வேதத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருக்கும் நோன்பு அது. டாக்டரும் மரியாதையாகத் தலையாட்டினார். நானும் நம்பினேன்.

காப்பி கொண்டுவந்த கம்பவுண்டர் சூசை மட்டும் நகரவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நானும் வேதக்காரன்தானுங்க டீச்சர். பாஸ்குத் திருநாளோட நோன்புக் காலம் முடிஞ்சு மாசத்துக்கு மேல ஆச்சு. இன்னுமா ஒருசந்தி?"

பழக்கம்

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாயிரத்துக்கு உண்டான பிரீமியம் தம் சம்பளத்தில் மிஞ்சுமா என்று பார்க்க, ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டாராம். பகலிலும் பாதிதான். "கட்ட ஆரம்பிச்சா வருசக்கணக்கா கட்டணுமில்லீங்களா. அதான் இப்பவே பழகிக்கறேன்" என்றார், ஏதோ பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு பழக்குவதைப் போல.

யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் எல்லார்மேலும் கோபப்பட்டேன். தங்கைக்காகச் சாகத் தயார், தங்கைக்காகச் சாப்பிட முடியாதா என்று டீச்சரிடமே கத்தினேன். டாக்டர் நல்லவர். எழுத எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டார். "இன்னைக்கு நான் இவங்களைப் பார்க்கவே இல்லை. மூணு வேளையும் சாப்பிட்ட டீச்சர் ஒருத்தர் வந்தா, அப்போ பார்க்கறேன்."

பாதி

மறுபடி சேலம். இந்தத் தடவை மேனேஜரிடம் பொருளாதாரம் பேசவில்லை. தருமபுரியில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாருக்கு நஷ்டம் என்று கேட்டீர்களே, எழுந்து நடக்க முடியாத ஒருத்திக்கு என்றேன். பாதித் தொகைக்கு எழுதுங்கள் என்றதும், என் கமிஷனும் பாதியாகும் என்று நினைவூட்டினார். ஆகட்டும் என்றேன்.

மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சரிம்மா, ஆயிரத்துக்கே எழுதிக்கோ. உன்னோட வாதாடறவனுக்கு எந்தக் கம்பெனி பாலிசி தரும்?"

களி

பரீட்சையில் டீச்சர் தேறி, பாலிசியும் வந்துவிட்டது. அதைக் கொடுக்கப் போன அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிலோமி சொல்லி அனுப்பியிருந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கேழ்வரகுக் களி உருட்டி, கீரை கடைந்து வைத்திருந்தாள். பாலிசியை வாங்கி, பிரிக்காமல் ஒரு ஓரமாக வைத்தாள். அவள் கண்ணெல்லாம் அக்காவின் தட்டில்.

டீச்சர் கொஞ்சம் தின்றுவிட்டுப் பேச்சுவாக்கில் எழுந்திருக்கப் பார்த்தார். நான் பெண்கள் சம்பளத்தைப் பற்றி ஏதோ சொல்லவும், பதில் சொல்ல மறுபடி உட்கார்ந்து இன்னொரு வாய் எடுத்தார். பிலோமி என் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னாள்: "நிறுத்தாதீங்கக்கா. தட்டு காலியாகற வரைக்கும் சண்டை போடுங்க. அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன்."

ஊரார் உயிருக்கெல்லாம் உத்தரவாதம் எழுதித் தரும் எனக்கு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு தடவைகூடத் தவறாமல் கிடைத்துவரும் கமிஷன் களியும் கீரையும்தான்.