தேய்க்காத வாளி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் தண்ணீர் வாளியின் உட்புறத்தை யாரும் தேய்ப்பதில்லை. மலையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் பார்க்கக் கண்ணாடிதான். காற்றுப் பட்டால் போதும், அதில் கரைந்திருக்கும் இரும்பு செம்மஞ்சள் துருவாகிவிடும். பழைய துரு படிந்த வாளியில் புதுத்துரு சீக்கிரம் போய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தெளியும். அதைத்தான் குடிக்கிறோம்.

தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வருகிறார் என்றதும், முந்தின நாளே நிரப்பிய வாளிகளை வாசலில் வைப்பதாகப் பேசிக்கொண்டோம். அடியில் கிடக்கும் துருவை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று. முதல் வீடு என் தோழியுடையது. என் இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவள்.

அவள் வாசலில் வாளி பளபளவென்று இருந்தது. நன்றாகத் தேய்த்து, அப்போதுதான் பிடித்த தண்ணீர்.

"தண்ணி நல்லாத்தானே இருக்கு," என்றார் அதிகாரி. கூட வந்த மேனேஜர் தலையாட்டினார். கடைசி வீட்டு வாசலில் என் வாளியோடு நான் நின்றேன். அவ்வளவு தூரம் அவர்கள் வரவில்லை.

மறுநாள் காலை அவள் குடத்தோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"மகனுக்கு ஆபீஸ்ல வேலை போட்டுத் தரேன்னாரு மேனேஜர். நான் என்ன பண்றது?" என்றாள். பிறகு, "வாளியத் தேச்சுட்டேன்லா, தண்ணி தெளியவே மாட்டேங்குது. ஒரு குடம் குடு," என்றாள்.

என் வாளிக்குள் கையை விட்டு, அடிவரை நன்றாகக் கலக்கி, அவள் குடத்தை நிரப்பிக் கொடுத்தேன்.