வெறும் வண்டியின் நிறை

கிண்ணியாவைச் சேர்ந்த ஸைனுலாப்தீன் தொண்ணூற்று நான்கு கிலோ. இதை அவர் தானாக யாரிடமும் சொன்னதில்லை. ஐம்பத்தாறு வயது வரை அது அவருக்கும் மனைவி பஸ்மியாவுக்கும் மட்டும் தெரிந்த குடும்ப விடயமாகவே இருந்தது. 2024 மே 29, புதன்கிழமை காலை அது கம்பெனியின் அறிவித்தல் பலகையில் ஏறியது. கீழே முகாமையாளரின் கையொப்பமும் முத்திரையும் இருந்தன.

அவர் ஒரு ட்ரெய்லர் சாரதி. திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் வயலுக்குப் போடும் பசளை மூட்டை ஏற்றிப் பொலன்னறுவையில் இறக்குவது வேலை. முப்பத்தொரு ஆண்டாகக் கனரக வாகன அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறார். அதில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. கந்தளாயில் ஒரு தடவை மாடு ஒன்று வந்து மோதியது; மாட்டுக்காரனே தன் மாட்டில்தான் பிழை என்று ஒப்புக்கொண்டான். அந்த அனுமதிப்பத்திரத்தை இரண்டு பொலித்தீன் உறைக்குள் வைத்துச் சட்டைப் பையில் பொத்தான் பூட்டி வைப்பார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. வேறு தொழில் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் பழக்கமும் இல்லை.

முன்பெல்லாம் அதே ட்ரெய்லரில் ஐந்நூற்று அறுபது மூட்டை ஏற்றினார்கள். மூட்டை ஒன்று ஐம்பது கிலோ. அப்போதும் சட்டம் இருந்தது, தராசு இல்லை. சட்டம் தன்பாட்டில் புத்தகத்தில் இருந்தது, லொறிகள் தம்பாட்டில் வீதியில் போயின, ஒன்றுக்கொன்று இடைஞ்சல் கொடுக்கவில்லை. கண்டி வீதியில், கப்பல்துறைக்குப் பக்கத்தில், லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கும் தராசு ஒன்றைப் பதித்தபோதுதான் கம்பெனி முதன்முறையாகப் பதிவுப் புத்தகத்தை விரித்துப் பார்த்தது. மொத்த நிறை 36,000 கிலோவுக்கு மேற்படக்கூடாது. வெறும் வண்டி 13,480. நானூற்றைம்பது மூட்டை 22,500. கூட்டினால் 35,980. இருபது கிலோ மிச்சம். முகாமையாளர் நிருபன் அந்த இருபது கிலோவை நினைத்து ஒருநாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

மே 14ஆம் திகதி தராசு 36,520 காட்டியது.

"ஐந்நூற்றிருபது கூட, நானா," என்றாள் தராசுக் கூண்டுக்குள் இருந்த உத்தியோகத்தர் மதிவதனா. மூத்த முஸ்லிம் ஆண்களை அங்கே எல்லோரும் நானா என்றுதான் அழைப்பார்கள்.

"கணக்குப்படி இருபது குறைய இரிக்கோணும், தங்கச்சி."

"கணக்கு எனக்குத் தெரியாது. இது இரும்பு. இதுக்குப் பொய் சொல்ல இன்னும் ஒருத்தரும் பழக்கேல்ல."

தண்டச் சீட்டு சாரதியின் பெயரில் எழுதப்பட்டது. தண்டத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், பெயர் மட்டும்தான் உங்களுடையது என்று நிருபன் ஆறுதல் சொன்னார். முப்பத்தொரு ஆண்டு சுத்தமாக வைத்திருந்த பெயர் மட்டும்தானே.

கூடுதல் நிறை எங்கிருந்து வந்தது என்று நிருபன் ஆராய்ந்தார். மூட்டைகளாக இருக்க முடியாது, அவை வாடிக்கையாளருடையவை. வண்டியாக இருக்க முடியாது, அது முதலாளியுடையது. ஆகவே சாரதியாகத்தான் இருக்க வேண்டும். கபினுக்குள் இருந்த மெத்தை, கேஸ் அடுப்பு, சோற்றுப் பானை, தண்ணீர்க் கான், தொழுகைப் பாய், உடுத்த மாற்றுச் சாரம், ஒரு கொத்து வாழைப்பழம் எல்லாம் இறக்கி நிறுக்கப்பட்டன. நாற்பத்தாறு கிலோ. பிறகு மேலதிகச் சில்லு இறங்கியது. நூற்றுப்பத்து.

"ரயர் வெடிச்சா என்ன செய்யிற?" என்று கேட்டார் ஸைனுலாப்தீன்.

"வெடிக்காமப் பாத்து ஓடுங்கோ நானா. ஜாக்கையும் இறக்குங்கோ."

"ஜாக் என்னத்துக்கு?"

"சில்லு இல்லாத வண்டிக்கு ஜாக் என்னத்துக்கு? நீங்களே சொல்லுங்கோ."

ஜாக்கும் இறங்கியது. ஜாக் இருபத்துநான்கு கிலோ. டீசலிலும் இருநூறு லீற்றர் குறைத்தார்கள், வழியில் அடித்துக்கொள்ளலாமாம். இறக்கிய சாமான்களைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பும் சாரதிக்கே. சில்லு கிண்ணியாவில் அவர் வீட்டு மண்டபத்தில், அலுமாரியில் சாய்ந்துகொண்டு, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

மே 28ஆம் திகதி தராசு 36,180 காட்டியது.

"நானா, இது ரெண்டாந் தரம்," என்றாள் மதிவதனா. இந்தமுறை பகிடி இல்லை. "மூண்டாந் தரமெண்டா லைசனை நாங்கள் வாங்கி நீதிமன்றத்துக்கு அனுப்போணும். என்னால ஒண்டும் செய்ய ஏலாது. ஆறு மாசமெண்டாலும் போகும்."

ஸைனுலாப்தீனின் கை தானாகச் சட்டைப் பையின் பொத்தானைத் தொட்டது.

மறுநாள்தான் அந்த அறிவித்தல். கம்பெனியின் மூன்று சாரதிகளும் கழுவிய மீனைப் போல நிறுக்கப்பட்டிருந்தார்கள். ஸைனுலாப்தீன் 94. றம்ஸான் 71. திலக்சன் 58. வரும் திங்கட்கிழமை, யூன் 3 முதல் புதுக் கப்பலின் பதினெண்ணாயிரம் மூட்டை. நாற்பது பயணம், பயணத்துக்கு நானூற்றைம்பது. நிறை குறைந்த சாரதிக்கு முன்னுரிமை.

"நானா, கோவிக்காதையுங்கோ," என்றார் நிருபன். "நீங்கள் ஓடுறதெண்டா நல்லந்தான். ஆனா நானூற்றைம்பதில ஒரு மூட்டை குறைக்க ஏலாது. இல்லையெண்டா திலக்சன் ஓடட்டும். முப்பத்தாறு கிலோ லாபம்."

"கூட இரிக்கிறது நூற்றெண்பது. முப்பத்தாறு போனா மிச்சம் நூற்றுநாற்பத்துநாலு. அதுக்கு?"

"அது பிறகு பாப்பம்."

ஆகத் திங்கட்கிழமை வண்டியில் ஏறினால் அனுமதிப்பத்திரம் போகும். ஏறாவிட்டால் இருக்கை போகும். இப்படித் தெளிவாக ஒரு மனிதனுக்கு வழி காட்டும் முகாமையாளர்கள் குறைவு.

அன்று மத்தியானம் பஸ்மியா கோப்பையில் பாதிச் சோறு வைத்தாள்.

"என்ன புள்ள, இது?"

"கம்பனியில நிறுத்துப் போட்டிரிக்காங்களாம். றம்ஸான்ட பொண்டாட்டி வந்து செல்லிட்டுப் போறா. ஊரே ஒங்கட நிறை பத்தித்தான் கதைக்கிது."

"பாதிச் சோத்துல ஒரு மூட்ட குறையுமா?"

"குறையாது. ஆனா நான் ஒண்டும் செய்யல்லயெண்டு நாளைக்கு ஆரும் செல்லக்கூடாது." அவள் மேலதிகச் சில்லைச் சுற்றிக்கொண்டு குசினிக்குப் போய், மிச்சச் சோற்றோடு திரும்பி வந்தாள். "செரி, ஒண்டு கேக்கன். வண்டி வெறுமையா எவ்வளவு?"

"பதின்மூவாயிரத்து நானூற்றெண்பது."

"ஆர் நிறுத்த?"

"புத்தகத்தில இரிக்கி."

"எந்தக் காலத்துப் புத்தகம்?"

"வண்டி பதிஞ்ச நேரம். பதின்மூணு வருஷம்."

பஸ்மியா சிரித்தாள். "சவூதிக்குப் போக மெடிக்கல் எடுத்தீங்களே, போகாம விட்டது. அந்தத் துண்டுல ஒங்கட நிறை அறுபத்தொண்டு. இன்னும் அலுமாரிக்குள்ளதான் கிடக்கு. அதக் கொண்டு போய்க் குடுங்களன். திலக்சனுக்கும் ஒங்களுக்கும் மூணு கிலோதான் வித்தியாசம்."

சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது. 2017ஆம் ஆண்டு, ஐந்நூற்று அறுபது மூட்டை தாங்காமல் ட்ரெய்லரின் முதுகு வளைந்தபோது, முதலாளி வெல்டிங்காரனைக் கூப்பிட்டுச் சட்டகத்தின் கீழே, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, நாற்பதடி நீளமான இரண்டு இரும்புச் சலாகைகளை ஒட்டுவித்தார். அந்த வெல்டிங்காரனைக் கூட்டிக்கொண்டு வந்ததே ஸைனுலாப்தீன்தான். ஒட்டும்போது பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடித்தவரும் அவர்தான். அளவுக்கு மிஞ்சி ஏற்றுவதற்காகப் போட்ட இரும்பு, இப்போது அளவோடு ஏற்றும்போதும் கூடவே பயணம் போகிறது. அதற்குச் சோற்றுப் பானையைப் போல இறங்கத் தெரியாது.

மறுநாள் வியாழக்கிழமை. அவர் அயலவர் இருவரைப் பிடித்துச் சில்லையும் ஜாக்கையும் திரும்ப வண்டியில் ஏற்றினார். புத்தகம் சொல்லும் வெறும் நிறையில் அவையும் நிறைந்த டீசலும் சேர்த்தி. ஆகவே டாங்கியையும் நிரப்பினார். மெத்தையையும் அடுப்பையும் வீட்டிலேயே விட்டார். பிறகு ஒரு மூட்டைகூட இல்லாத ட்ரெய்லரைக் கப்பல்துறைத் தராசில் கொண்டுபோய் ஏற்றினார். பின்னால் நின்ற லொறிக்காரர்கள் ஹோன் அடித்தார்கள். ஒருவன் தலையை வெளியே நீட்டி, "நானா, காத்து ஏத்திக்கொண்டு போறீங்களா?" என்று கத்தினான்.

மதிவதனா கூண்டை விட்டு வெளியே வந்தாள். "நானா, நிறைஞ்ச வண்டியோட இஞ்ச வர ஆக்களுக்குப் பயம். வெறும் வண்டியை நிறுக்கச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்ல. என்ன சுகமில்லையோ?"

"நிறுத்து, துண்டொண்டு தாங்க தங்கச்சி. முத்திரையோட."

"அப்ப கீழ இறங்கி நில்லுங்கோ. நீங்களும் வண்டியில சேர்த்தியில்ல."

கம்பெனி இரண்டு கிழமையாகச் சொல்லாத நல்ல வார்த்தை இது. ஸைனுலாப்தீன் இறங்கித் தள்ளி நின்றார். தராசு 13,880 காட்டியது. புத்தகத்தை விடச் சரியாக நானூறு கிலோ கூட.

அங்கேயே துண்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். இரும்பு நானூறு, சாரதி தொண்ணூற்று நான்கு, சாமான் நாற்பத்தாறு; கூட்டினால் ஐந்நூற்று நாற்பது. இருபது கிலோ மிச்சத்தைக் கழித்தால் ஐந்நூற்றிருபது. முதல்நாள் பிடிபட்டது அதேதான். ஒரு கிலோ பிசகில்லை. கடைசி வரியில், ஏற்றக்கூடியது 439 மூட்டை என்று எழுதிக் கோடு போட்டார்.

நிருபன் அந்தத் துண்டை மூன்று முறை வாசித்தார். "இதை ஆருக்கும் காட்டினீங்களோ?"

"திலக்சனுக்குக் காட்டினன்."

வாசலில் நின்ற திலக்சன், ஐம்பத்தெட்டுக் கிலோவும் அசையாமல், "எனக்கும் ஒரு லைசன்தான் இருக்கு சேர்," என்றான்.

"பதினொரு மூட்டை குறைச்சா நாற்பது பயணத்தில முடியாது நானா! நாற்பத்தொண்டு வரும்." நிருபன் கணிப்பானைத் தட்டினார். பிறகு இன்னொரு முறை தட்டினார். முகம் கறுத்தது. "நாற்பத்தொரு பயணத்தில பதினேழாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. அப்பவும் ஒரு மூட்டை மிஞ்சும்! ஒரு மூட்டைக்காக நாற்பத்திரண்டாம் பயணமோ?"

"அது பிறகு பாப்பம்," என்றார் ஸைனுலாப்தீன்.

திங்கட்கிழமை காலை, களஞ்சிய வாசலில் நானூற்று முப்பத்தொன்பது மூட்டை ஏறியதும் அவர் மூட்டைகளின் மேல் படங்கை இழுத்து மூடிக் கட்டத் தொடங்கினார். நிருபன் ஓடி வந்தார். கப்பல் போய்விட்டது, வாடிக்கையாளர் கத்துகிறார், முதலாளி கொழும்பில் இருந்து அழைக்கிறார், இந்த ஒரு தரம் மட்டும் என்றார். ஸைனுலாப்தீன் வாதம் செய்யவில்லை. பையில் இருந்து ஒரு தாளையும் பேனையையும் எடுத்து நீட்டினார். வண்டியின் உண்மையான வெறும் நிறை 13,880 என்று தெரிந்துகொண்டே நானூற்றைம்பது மூட்டை ஏற்றச் சொன்னது நான்தான் என்று அதில் அவரே அழகாக எழுதி வைத்திருந்தார். கீழே பெயருக்கும் அடையாள அட்டை இலக்கத்துக்கும் கையொப்பத்துக்கும் இடம் விட்டிருந்தது.

"இதில ஒரு கையெழுத்து வெச்சிட்டு மிச்சம் பதினொண்டையும் ஏத்துங்க. நான் ஓடுறன்."

மனிதர்களின் நிறைகளுக்குக் கீழே மளமளவென்று கையொப்பம் இட்ட முகாமையாளர், இந்தத் தாளை ஏதோ தேள் மாதிரிப் பார்த்தார். பேனையை வாங்கவில்லை. "சரி, போங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏறாமல் கிடந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

மெத்தை, அடுப்பு, பானை, பாய், சில்லு, ஜாக், நிறைந்த டாங்கி, தொண்ணூற்று நான்கு கிலோச் சாரதி எல்லாவற்றோடும் வண்டி கப்பல்துறைத் தராசில் ஏறியது. 35,970. மதிவதனா கையால் போகச் சொன்னாள். ஸைனுலாப்தீன் சந்தி தாண்டும் வரை மூச்சை விட்டாரோ என்பது தெரியாது. கந்தளாயில் நிறுத்தி இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டது தெரியும். பலகையில் இருந்த அறிவித்தல் அன்று மாலை காணாமல் போனது. யார் கழற்றியது என்று கம்பெனி விசாரணை எதுவும் நடத்தவில்லை.

யூலை 23ஆம் திகதி, நாற்பத்தோராம் பயணம். களஞ்சியத்தில் ஒரேயொரு மூட்டை தனியே கிடந்தது.

"நானா, ஒண்டுதானே," என்றார் நிருபன். "உங்கட மெத்தையையும் அடுப்பையும் இறக்கி வச்சா..."

"ஒங்கட காருக்குப் பின்னால இடம் இரிக்கே."

அப்படித்தான் ஆயிற்று. ட்ரெய்லர் முன்னே போக, பின்பக்கம் சற்றுத் தாழ்ந்த கார் ஒன்று ஐம்பது கிலோப் பசளையோடு பொலன்னறுவைக்குப் புறப்பட்டது. ஜன்னல்களை இறக்கிவிட்டும் நிருபன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஓட்டினார்.

தராசில் மதிவதனா துண்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அந்தக் காரையும் ஏத்தச் சொல்லுவமோ நானா?"

"கேட்டுப் பாருங்க தங்கச்சி," என்றார் ஸைனுலாப்தீன், கியரைப் போட்டுக்கொண்டே. "வெறுங்கார் எவ்வளவெண்டு அவருக்கும் தெரிஞ்சிரிக்காது."