ஐந்தாவது கல்லுக்கு முன்னால்

1984 மே 17, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். முந்தின இரவு மழை கொட்டியிருந்ததால் வெயிலில் தரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. என் மனைவி ஓடுகிற வேனில் என் மடியில் இறந்தாள்.

வாந்திபேதி. குடிநீர்க் கிணற்றில் முந்தின வார மழைத்தண்ணீர் இறங்கி, எங்கள் தெருவில் நான்கு நாட்களாகப் பரவியிருந்தது. சுகாதார ஆய்வாளர் தினமும் இரண்டு வேளை வந்தார். யாராவது துவண்டு படுத்தால் உடனே வேனை வரவழைத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார். ஒரு பைசா வாங்கவில்லை. தங்கமான மனுஷன் என்று தெருவே சொன்னது. என் மனைவியை ஏற்றியபோது நானே அவருக்கு இளநீர் சீவிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் கை கூசுகிறது.

பயம் வந்தால் எதையாவது எண்ணுவது என் வழக்கம். அன்று சாலையோரக் கிலோமீட்டர் கற்களை எண்ணினேன். நான்காவது கல் தாண்டியதும் அவள் மூச்சு நின்றது. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"இங்க நிறுத்தக்கூடாதுங்க சார்," என்றார் டிரைவர். "அஞ்சாவது கல்லோட நம்ம எல்லை முடியுது. என்ன நடந்தாலும் அதைத் தாண்டித்தான் நிறுத்தணும்னு ஆர்டருங்க."

யார் போட்ட ஆர்டர் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. மூன்று நாள் கழித்து இறப்பைப் பதியப் போனபோது புரிந்தது.

"அம்மா நம்ம எல்லையில சாகலீங்களே சார்," என்றார் ஆய்வாளர். "வழியில போன உசுரை நான் எந்தக் கணக்குல எழுதறது?"

வேனில் ஏறியவர்கள் ஒன்பது பேர். திரும்பி வந்தவர்கள் நான்கு பேர். அவர் மேலே அனுப்பிய அறிக்கையில் வாந்திபேதிச் சாவு 'இல்லை'. ஒன்று என்று எழுதினால்கூடக் கிணற்றுக்கு ஏன் மருந்து போடவில்லை என்று கேள்வி வரும், சந்தையை மூடுவார்கள். அதனால் சாவை ஊருக்கு வெளியே ஓட்டிவிட்டார்.

பங்குச் சாமியார் மன்னிக்கச் சொன்னார். "அவன் செஞ்சதை முதல்ல எழுதட்டுங்க சாமி, அப்பறம் பாக்கலாம்," என்றேன்.

பதினான்கு மாதத்தில் இருபத்து மூன்று மனு போட்டேன். எந்தக் கல்லுக்கு முன்னால், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். டிரைவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். விசாரணை வந்ததும் ஆய்வாளர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வூட்ல ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குதுங்க சார்."

"பரவால்லையே, உங்களுக்கு எண்ணத் தெரியுதே," என்றேன். உட்காரச் சொல்லவில்லை.

இரண்டு வருட இன்கிரிமெண்ட்டை வெட்டி அவரை மாற்றினார்கள். பெட்டியோடு அவர் பஸ் ஏறுவதைப் பார்ப்பதற்கென்றே அரூர் பஸ் நிலையத்துக்குப் போய் எதிரில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். அது போதாது என்று இப்போதும் தோன்றுகிறது.

பதிவேட்டில் என் மனைவியின் பெயருக்கு நேரே 'வாந்திபேதி' என்று ஏறியது. மற்ற நான்கு வீட்டார் மனுப் போடவில்லை. அந்த வருடம் எங்கள் ஊரில் வாந்திபேதிக்குச் செத்தது அரசாங்கக் கணக்கில் ஒரே ஒரு ஆள்.

ஸ்டாம்பு, டைப் அடித்த கூலி, பஸ் சார்ஜ், கையெழுத்துப் போட்டதற்காக வேலை போன டிரைவரின் வீட்டுக்கு மூன்று மாத அரிசி. எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு ரூபாய் ஐம்பது பைசா.