விரல் வாய்ப்பாடு

நான்காம் வகுப்பில் நாங்கள் பதின்மூன்று பேர். அதில் பன்னிரண்டு பேர் ஒரே கணக்குப் பரீட்சையில் ஒரே மாதிரி தப்பாக எழுதியது எப்படி என்று எங்கள் தலைமையாசிரியர் சார் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சரியாக எழுதியவள் என் சித்தி மகள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. சேரம்பாடியைத் தாண்டி இருந்த எங்கள் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கு, வியாழக்கிழமைதோறும் கூடலூரிலிருந்து பஸ் பிடித்து அவளுக்காகவே ஒரு டீச்சர் வருவார். பை நிறையப் பட அட்டைகள், மணிச்சட்டம், முகம் பார்க்கும் கண்ணாடி. ஒருநாள் சைகைப் படங்கள் போட்ட நீளமான சார்ட் ஒன்றைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். முகங்கள் தெரிந்தால்தான் அவளுக்குப் பேச்சு பிடிபடும் என்று, அவள் நாற்காலியை எங்களைப் பார்த்துத் திருப்பிப் போட்டதும் அவர்தான்.

சார்ட் ஒட்டியது அவளுக்காக. படித்தது நாங்கள். மழைக்காலத்தில் வெளியே விளையாட விடமாட்டார்கள், வேறென்ன செய்வது? தண்ணீர், பசி, சார் வருகிறார் எல்லாம் சீக்கிரமே எங்களுக்குக் கையில் வந்துவிட்டன.

வாய்ப்பாட்டில் அவள் புலி. பரீட்சையன்று நான்தான் முதலில் விரலால் கேட்டேன், ஒன்பது ஐந்து எவ்வளவு என்று. இடது கையில் நான்கு விரலும் வலது கையில் ஐந்து விரலும் காட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது ஐம்பத்து நான்காகத் தெரிந்தது. முப்பத்திரண்டு இருபத்து மூன்றானது. வகுப்பு இவ்வளவு அமைதியாக இருந்ததேயில்லை என்று சார் வேறு மெச்சிக்கொண்டார்.

மறுநாள் பின்பெஞ்சுக்காரன் ஒருவன் உளறிவிட்டான். வியாழக்கிழமை டீச்சர் வந்ததும் சார் விடைத்தாள்களை மேசையில் பரப்பினார்.

"ஏனுங்க டீச்சர், உங்க சார்ட்டு பண்ணுன வேலையப் பாத்தீங்களா? மொதல்ல அதக் கழட்டுங்க."

சார்ட்டில் பாதிதான் நாங்கள் படித்து முடித்திருந்தோம். எழுந்து நின்று, "நான்தானுங்க சார் கேட்டேன், அவ மேல தப்பில்லைங்க," என்றேன். அவளுக்கும் தெரியட்டும் என்று அதையே கையாலும் சொன்னேன். பின்னாலேயே ஒவ்வொருவராக எழுந்தார்கள். நானும், நானும் என்று பன்னிரண்டு ஜோடிக் கைகள் ஆடின.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

"நாங்களே பாத்துப் படிச்சோம் டீச்சர்."

"சார், நான் வாராவாரம் பஸ் ஏறி வர்றதே இதுக்குத்தானுங்க," என்று அவர் சிரித்த சிரிப்பில் சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சார்ட் தப்பியது. மறுபரீட்சையில் மட்டும் அவள் நாற்காலி சுவரைப் பார்த்தது. எனக்குப் பத்துக்கு மூன்று.

சாயங்காலம் சித்தி கொழுந்து பறித்துவிட்டு லைன் வீட்டுக்கு வந்தாள். விஷயம் வேறு யார் மூலமாவது சித்தி காதுக்குப் போய் மகளுக்கு அடி விழுமே என்று, நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"எல்லாருமா? இவகிட்டயா கேட்டாங்க?"

"ஆமா சித்தி."

"மறுக்காச் சொல்லு."

சொன்னேன். இடுப்பில் கட்டிய ஈரப் பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து, மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னொருக்காச் சொல்லு கண்ணு."

இவ்வளவு சுலபமான விஷயம் சித்திக்கு ஏன் விளங்கவே மாட்டேன் என்கிறது என்று நினைத்தபடி, ரொம்பப் பொறுமையாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.